தானாக நிற்கும் குழாய்

போன வருடக் கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை, மீன் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. என்னிடம் படித்த பையன். பையன் என்கிறேன், அவனுக்கே இப்போது நெற்றி ஏறிவிட்டது. தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் பரிசோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாக இருக்கிறான்.

"மேம், கோச்சிக்காதீங்க. இன்னா மேம் புள்ளைங்கள அனுப்பறீங்க?"

"இன்னாடா ஆச்சு?"

"ஒங்க காலேஜு பொண்ணு ஒன்னு இன்டர்வியூவுக்கு வந்துச்சு. சாதா டைட்ரேஷன் தான் குடுத்தன். ப்யூரெட்ட தொறந்து வுட்டுட்டு கைய எடுத்துடுச்சு மேம். கைய கட்டிகினு நிக்கிது. கீழ பிளாஸ்க்ல பீட்ரூட் தண்ணி மாதிரி ஆயிடுச்சு, அப்பவும் மூடல. அது பாட்டுக்கு ஓடுது. மூடும்மான்னு சொன்னா என் மூஞ்சிய பாக்குது. 'நிக்கலியே சார்'ன்னு சொல்லுது."

என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவனுக்குப் புரிந்திருக்காது. அவன் படித்த காலத்தில் எங்களிடம் லேப் இருந்தது.

வேதியியல் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ப்யூரெட் என்பது அளவுக்கோடு போட்ட நீளமான கண்ணாடிக் குழாய். அடியில் ஒரு திருகு இருக்கும். குழாயில் காரம், கீழே குடுவையில் அமிலம், அதில் நிறம் காட்டும் மருந்து இரண்டு சொட்டு. இடது கையால் திருகைப் பிடித்துக்கொண்டு காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், வலது கையால் குடுவையைச் சுழற்ற வேண்டும். ஏதோ ஒரு சொட்டில் குடுவை வெளிர் ரோஜா நிறத்துக்கு மாறி அப்படியே நிற்கும். அந்தச் சொட்டோடு மூட வேண்டும். விட்டுவிட்டால் அவ்வளவுதான், கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டைட்ரேஷன் என்பது இவ்வளவுதான், பெரிய வித்தை இல்லை. வேதியியலில் அரிச்சுவடி இது. மூன்று வருடம் படித்து, செய்முறையில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கிய பெண், திருகைத் திறந்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். அது தானாக நிற்கும் என்று காத்திருந்தாள்.

ஏனென்றால், எங்கள் கல்லூரியில் அது தானாகத்தான் நிற்கும்.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம். இந்தக் கதை பல கல்லூரிகளுக்குப் பொருந்தும், ஒன்றை மட்டும் ஏன் நாறடிக்க வேண்டும். அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறேன். ஸ்டாஃப் ரூமில் என்னைப் பற்றி நல்ல பேச்சு கிடையாது. வாய் நீளம் என்பார்கள். நீளம்தான்.

டிஜிட்டல் என்றாலே எரிந்து விழுகிறவள் நான் என்று நினைக்க வேண்டாம். கார்பன் வளையம் ஒன்று நாற்காலி மாதிரி மடிந்திருக்கும் என்று வருடக்கணக்கில் கரும்பலகையில் கோணல் மாணலாக வரைந்து தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்கும் புரிந்ததில்லை. மனப்பாடம் செய்து எழுதுவார்கள், நானும் மார்க் போடுவேன். போனில் அதே வளையத்தை விரலால் சுற்றிக் காட்டியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "மேம், இது நெசமாவே சேர் மாதிரி கீது." எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. துணிக்கடைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காகப் பாடங்களைப் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன். பஸ் கூட்டத்துக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருவார்கள். கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட அந்தக் கருவி நல்லது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால், ஊரடங்கு முடிந்து கல்லூரி திறந்த அன்று. லேப்பின் குழாய்கள் துருப்பிடித்திருந்தன. சிங்க்கின் தண்ணீர் போகும் வழி அடைத்திருந்தது. காஸ் லைனைச் சோதிக்க வேண்டும். செலவுக்கு எழுதிக் கொடுத்தேன். ஊரடங்குக் காலத்தில் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டரில் செய்முறை நடத்தியிருந்தோம், விர்ச்சுவல் லேப் என்று. திரையில் ப்யூரெட் படம் இருக்கும். மவுஸால் அழுத்தினால் சொட்டும். படத்தில் நிறம் மாறும். பக்கத்தில் ஒரு கட்டத்தில் அளவு வந்து நிற்கும். அன்றைக்கு அது தேவையாக இருந்தது. நானும் அதில்தான் நடத்தினேன். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

ஆனால் முதல்வர் என் காகிதத்தைப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"மேடம், எல்லாம் ஆன்லைன்லயே நல்லா போவுதே. இப்ப எதுக்கு ஆசிட்டு, காஸு, அந்த நாத்தம் எல்லாம்? ஒரு புள்ள கைய சுட்டுகினா நாளைக்கு பேப்பர்ல வரும்."

"சார், கையச் சுட்டுக்காம எவனும் கெமிஸ்ட்ரி படிச்சதில்ல."

"நீங்க பழைய காலத்துலயே இருக்கீங்க."

அடுத்த மாதம் லேப்பின் மேசைகளில் பாதியைப் பெயர்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். வாசலில் 'ஸ்மார்ட் லேப்' என்று பலகை. ஆய்வுக் குழு வந்து பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு போனது. வருடக் கடைசியில் செய்முறைத் தேர்வுக்காக மட்டும் ஒரு மூலையில் இரண்டு மேசையை விட்டுவைத்தார்கள். நான்கு பேர் சேர்ந்து நிற்பார்கள், ஒருவர் செய்வார், மற்றவர்கள் பார்ப்பார்கள். வெளியிலிருந்து தேர்வாளர் ஒருவர் வருவார். அவர் கல்லூரியிலும் இதே கதைதான். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போவார்.

அந்தப் பெண் சேர்ந்தது அதற்குப் பிறகு. ஊர் மடுகரை. அப்பா கரும்பு வெட்டுக்கு ஊர் ஊராகப் போகிறவர், அம்மா நடவு, களை எடுப்பு. பள்ளியில் பதினொன்றும் பன்னிரண்டும் அவள் படித்தது ஊரடங்கு வருடங்களில், எனவே அங்கேயும் லேப்பைப் பார்த்ததில்லை. எங்களிடம் வந்தாள், இங்கேயும் பார்க்கவில்லை. தேர்வுக்கு நான்கு பேராக நின்றபோது இவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் எழுதுவது எப்போதும் இவள். ப்யூரெட்டைப் பிடித்தது வேறு ஒரு பையன். மார்க் என்னவோ நான்கு பேரில் இவளுக்குத்தான் அதிகம் வந்தது.

அவளுடைய பெரியம்மா மகள் ஒருத்தி பத்தாவதோடு நின்றுவிட்டு அதே மருந்துக் கம்பெனியில் பேக்கிங்குக்குப் போகிறாள். மாத்திரை அட்டையை டப்பாவில் போட்டு லேபிள் ஒட்டும் வேலை. இவளையும் அப்போதே அங்கே அனுப்பிவிடலாம் என்றுதான் வீட்டில் பேச்சு. இவள் அடம்பிடித்துப் படிக்க வந்தாள். படித்தால் பேக்கிங்குக்குப் போக வேண்டாம், அதே கம்பெனியில் லேப்புக்குப் போகலாம், வெள்ளைக் கோட்டுப் போடலாம் என்று சொல்லித்தான் அம்மாவைச் சம்மதிக்க வைத்தாள். இதை முதல் வருடமே என்னிடம் சொல்லியிருக்கிறாள். மூன்று வருடமும் அவள் உழைத்தது அந்த ஒரு கதவுக்காக. அந்தக் கதவுக்கு முன்னால்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

போனில் பையனிடம் கேட்டேன்.

"இன்னொரு தபா பாக்க முடியுமாடா?"

"ஒரு எடம் தான் மேம் இருக்குது. அடுத்த வாரம் வரைக்கும் நிறுத்தி வைக்கிறன். நீங்க கேக்கறதால. அதுக்கு மேல என் கையில இல்ல."

மீனை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். விடுமுறையிலும் முதல்வரும், கணக்கு வைப்பவரும், ஒரு இளம் ஆசிரியரும் இருப்பார்கள். அவர் மணிக்கணக்குச் சம்பளத்தில் இருப்பவர். விர்ச்சுவல் லேப்பைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கெட்டிக்காரர், பயந்தவர். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த ப்யூரெட் படத்தைத் திரையில் போடச் சொன்னேன். மவுஸை அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். சொட்டுச் சொட்டாக விழுந்தது. ரோஜா நிறம் வந்தது. டக்கென்று நின்றது.

"தம்பி, இது எப்பவுமே இப்பிடித்தானா?"

அவர் தயங்கினார். "இல்ல மேடம். அது ஒரு செட்டிங். ஆஃப் பண்ணா, நாம தான் நிறுத்தணும். ஓவரா போனா தப்புன்னு காட்டும், திரும்ப செய்யச் சொல்லும்."

"யாரு ஆன் பண்ணது?"

"மேடம்..."

"சும்மா சொல்லுப்பா. நான் யாருகிட்டயும் போய் சொல்ல மாட்டன்."

"ஆஃப்ல இருந்தா பாதி பேரு முடிக்க மாட்டேங்கறாங்க மேடம். ஒரு பீரியட்ல ரெண்டு மூணு தபா தப்பாவுது. முடிச்சவங்க கணக்கு பச்சைக் கோட்டுல வரும் இல்ல, அது பாதில நிக்கிது. பிரின்சிபால் சார் அத்த பாத்துட்டு என்னத்தான் கூப்புட்டாரு. புள்ளைங்கள ஒழுங்கா செய்ய வைக்க மாட்டியான்னு. அதுக்கப்பறம் ஆன்லயே வுட்டுட்டன். இப்ப எல்லாருக்கும் பச்சை தான்."

நான் அவரைத் திட்டவில்லை. திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அடுத்த மாதம் வேலை உண்டா இல்லையா என்று தெரியாத மனிதரை நான் திட்டி என்ன ஆகும்? ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று புரிந்தது. இத்தனை நாள் இயந்திரத்தின்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். இயந்திரம் தப்பு செய்ய இடம் வைத்திருந்தது. தப்பு செய்தால் திரும்பச் செய் என்று சொல்லவும் தெரிந்திருந்தது. அந்த இடத்தை அடைத்தது நாங்கள். தப்பே செய்யாமல் ஒரு பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? பச்சைக் கோடு நீளமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருவர், அவருக்குப் பயந்த ஒருவர், அதைக் கவனிக்காமல் ரெக்கார்டில் கையெழுத்துப் போட்ட என்னைப் போன்றவர்கள். வகுப்பு முழுவதற்கும் ஒரே அளவு வருகிறதே என்று நான் கேட்டதும் உண்டு. கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான் என்று பதில் வந்தது.

முதல்வரிடம் போய், அவளைப் பழக்குவதற்கு மூலையிலிருந்த இரண்டு மேசையைக் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் பக்கத்துல தண்ணி, ஆசிட்டு எல்லாம் வேணாம் மேடம். லீவு முடியட்டும், பாக்கலாம்."

"லீவு முடிஞ்சா அந்த எடம் போயிடும் சார்."

"ஒரு பொண்ணுக்காக ரூல மாத்த முடியுமா?"

"அந்த ஒரு பொண்ணோட பாஸ் மார்க்க நம்ப சேர்க்கை நோட்டீஸ்ல போட்டுக்கறோமில்ல சார்."

அவர் போனை எடுத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மாடிப்படிக்கு அடியில் கிடந்த பெட்டிகளிலிருந்து உடையாத ப்யூரெட் இரண்டைத் தேடி எடுத்தேன். சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டிலைத் திறந்தால் ஈரம் கோத்துக் கல்லாகக் கிடந்தது. நிறம் காட்டும் மருந்து வறண்டு பாட்டில் அடியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. நகரத்தில் லேப் சாமான் விற்கும் கடைக்குப் போய் எல்லாம் வாங்கி வந்தேன். காலியாக இருந்த ஒரு வகுப்பறையில், ஆசிரியர் மேசைமேல் ஸ்டாண்டை நிறுத்தினேன். தண்ணீருக்கு ஒரு பக்கெட். கழிவுக்கு இன்னொரு பக்கெட்.

வரச் சொல்லியிருந்தேன், அவள் மறுநாள் வந்தாள். மடுகரையிலிருந்து இரண்டு பஸ் மாறி. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அழுதியா?"

"இல்ல மேம்."

"அழுவறதுன்னா இப்பவே அழுதுடு. அப்பறம் கண்ணு சரியா தெரியாது."

அவள் லேசாகச் சிரித்தாள். ப்யூரெட்டைக் கையில் கொடுத்தேன். பிறந்த குழந்தையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஒடஞ்சிடும்னு பயமா கீது மேம்."

"ஒடஞ்சா ஒடயட்டும். நான் ஒடச்சதுக்குக் கணக்கே கெடையாது. புடி."

முதல் நாள் வெறும் தண்ணீர். திருகைத் திறப்பது, மூடுவது. பிறகு ஒரு சொட்டு மட்டும் விடுவது. அவள் கண் குடுவைக்குப் போகவே இல்லை. ப்யூரெட்டின் பக்கத்தில், காற்றில், எதையோ தேடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"அங்க இன்னாடி தேடற?"

"ரீடிங் எங்க மேம் வரும்?"

திரையில் அந்தப் பக்கத்தில்தான் கட்டத்தில் எண் வரும். அவள் கண் அதற்குப் பழகியிருந்தது. நிறத்தைப் பார்க்கப் பழகவில்லை. கண்ணாடிக் கோட்டில் நீ குனிந்து படித்தால்தான் அது அளவு, அது தானாக உனக்கு வந்து சொல்லாது என்று சொல்லிக் கொடுத்தேன். தண்ணீரின் மேல்பரப்பு நடுவில் குழிந்திருக்கும், குழியின் அடியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். அவள் குட்டை. எட்டவில்லை. பெஞ்சின்மேல் ஏறி நின்றாள்.

அடுத்த நாட்களில் அமிலமும் காரமும். முதலில் எல்லாம் பீட்ரூட் தண்ணீர். ரோஜா நிறம் வரும்போது அவசரத்தில் திருகை மூடுவதற்குப் பதில் இன்னும் திறந்துவிடுவாள். நான் கத்தினேன். என் குரல் அடுத்த கட்டடம்வரை கேட்டிருக்கும். அவள் கொட்டினாள், கழுவினாள், திரும்ப நிரப்பினாள். நான் இத்தனை வருடத்தில் பார்த்த பிள்ளைகளில் இப்படித் திட்டு வாங்கிக்கொண்டு நின்றவர்கள் குறைவு.

ஒரு மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் கொண்டுவந்தது பழைய சோறும் வறுத்த மோர்மிளகாயும். அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனிகள் கறுத்துக் காய்த்திருந்தன.

"நடவுக்கு நீயும் போறியா?"

"லீவு நாள்ல போவன் மேம். அம்மாகூட."

"நாத்துக் கட்டுலேந்து எடுக்கறப்ப எத்தினி எடுக்கற?"

"ரெண்டு, மூணு."

"எண்ணுவியா?"

"எண்ணிகினு நின்னா ஆளுங்க முன்னாடி போயிடுவாங்க மேம். கைக்கே தெரியும்."

"எத்தினி நாள்ல தெரிஞ்சுது?"

அவள் யோசித்தாள். "தெரியல மேம். சின்னதுலேந்து போறன் இல்ல. மொத ரெண்டு வருசம் எல்லாரும் திட்டுவாங்க. அப்பறம் திட்டல."

என் கேள்விக்கு அவள் பதில் சொல்லிவிட்டாள். இந்தக் கைக்கு வேலை தெரியாமல் இல்லை. இந்த வேலையை நாங்கள் அந்தக் கைக்குக் கொடுக்கவில்லை. மூன்று வருடம் வாரத்துக்கு ஒரு மதியம் இந்தக் கையில் ப்யூரெட்டைக் கொடுத்திருந்தால் இன்றைக்கு யார் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வாள். இப்போது ஒரு வாரத்தில் வர வேண்டும் என்கிறேன்.

கடைசி நாளில் அவள் ரோஜா நிறத்தில் நிறுத்தினாள். இரண்டாவது தடவையும் நிறுத்தினாள். மூன்றாவதில் கொஞ்சம் தாண்டிப் போனது. நான் கத்தவில்லை.

"வருது இல்ல மேம்?"

"வருது."

பொய் சொல்லவில்லை. வந்துகொண்டுதான் இருந்தது. வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, அதையும் அவள் கவனித்திருப்பாள்.

அவள் மறுபடி கம்பெனிக்குப் போன அன்று மாலை பையன் கூப்பிட்டான்.

"மேம், இந்த தபா தொறந்து வுடல. புடிக்கிறதும் சுத்தறதும் கரெக்டா பண்ணுது. ஆனா மூணு ரீடிங்கும் மூணு ஊர்ல நிக்கிது. இன்னும் கொஞ்சம் நாள் இருந்தா வந்துடும் மேம், எனக்கே தெரியுது. ஆனா நாளைக்கே லேப்புல வேலைக்கு நிக்கணும்."

"நீ கத்துக் குடுக்க மாட்டியா?"

"எனக்கு ஆளு கம்மி மேம். இது மருந்து. நீங்க தானே சொல்லுவீங்க, ஒத்து வராத ரீடிங்க ஒத்து வர மாதிரி எழுதினா அது யாரோ ஒருத்தர் வயித்துக்குள்ள போவுதுன்னு."

சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும், லேப் இருந்த காலத்தில், முதல் நாளே சொல்வேன். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவன் சரியாக இருந்ததுதான் எனக்கு அதிகமாக வலித்தது. தப்பாக இருந்திருந்தால் திட்டியிருப்பேன்.

"வேற இன்னா குடுத்த?"

"பேக்கிங்ல எடம் இருக்குதுன்னு சொன்னன் மேம். சரின்னு சொல்லிடுச்சு."

சான்றிதழ் வாங்க அவள் கல்லூரிக்கு வந்தபோது என்னைப் பார்த்தாள். பேக்கிங்கில் சேர்ந்து சில நாள் ஆகியிருந்தது. தலைமுடியை முழுக்க வலைத் தொப்பிக்குள் விட வேண்டும் என்பதால் இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது.

"எப்பிடி இருக்குது?"

"ஏசி மேம். குளுரு தான் தாங்கல. அக்கா தான் எனக்கு லைன் லீடரு."

பெரியம்மா மகளைச் சொன்னாள். பத்தாவதோடு நின்றவள். மூன்று வருடம் முன்னால் சேர்ந்ததால் இவளுக்கு மேலே இருக்கிறாள்.

"இன்னா சொல்றா உன் அக்கா?"

"ஒன்னும் சொல்லல மேம். மொத நாள் சாப்பிடறப்ப, 'வா, இங்க குந்து'ன்னு எடம் குடுத்துச்சு. அவ்ளோ தான். கொஞ்சம் எதனா சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"லேப்புக்கு அடுத்த தபா எடம் வந்தா சொல்லச் சொல்லியிருக்கன். ஞாயித்துக்கிழம வந்து பழகிக்கிறியா?"

"ஷிப்ட் மாறி மாறி வரும் மேம். பாக்கறன்."

பார்க்கிறேன் என்று இந்த ஊரில் யார் சொன்னாலும் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த வாரம் காலையில் ஸ்கூட்டரைத் திருப்பும்போது கல்லூரி கேட்டில் புது ஃப்ளெக்ஸ் ஒன்று கட்டியிருந்தார்கள். சேர்க்கை நடக்கும் நேரம். நடுவில் ஸ்மார்ட் லேப்பின் படம். பக்கத்தில் வட்டமாக வெட்டிய ஒரு முகம். அவள்தான். கீழே பெரிய எழுத்தில்: எங்கள் வேதியியல் மாணவி, மருந்து நிறுவனத்தில் பணி நியமனம்.

நேராக முதல்வர் அறைக்குப் போனேன்.

"சார், அது பேக்கிங்ல லேபிள் ஒட்டுது."

"மருந்து நிறுவனம் தானே மேடம்? நாங்க லேப்புன்னு எங்கயாவது போட்டிருக்கமா?"

போடவில்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. லேப் படத்தைப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வெளியே வந்து அவளுக்குப் போன் செய்தேன். ஃப்ளெக்ஸைக் கழற்றச் சொல்லப் போகிறேன், கழற்றாவிட்டால் நானே கிழிக்கிறேன் என்றேன்.

"வேணாம் மேம்."

"ஏன்?"

"அம்மா சந்தைக்கு வந்தப்போ பஸ்லேந்து பாத்துட்டு எறங்கிடுச்சு மேம். போட்டோ எடுத்துகினு வந்துது. ஸ்டேட்டஸ் வச்சிருக்குது. தெருவுல எல்லார்கிட்டயும் காட்டுது. என் மவ காலேஜு வாசல்ல நிக்கிறான்னு."

"அவங்களுக்குத் தெரியாதா, நீ எங்க வேல செய்யறன்னு?"

"தெரியும் மேம். ஆனா அது வேற, இது வேற இல்ல? அத்த கழட்டிட்டா ஏன் கழட்டினாங்கன்னு கேப்பாங்க."

நான் கிழிக்கவில்லை. வாய் நீளம் என்று பெயர் வாங்கியவள், அதன்பின் அந்த ஃப்ளெக்ஸ் இருந்தவரைக்கும் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அந்த இளம் ஆசிரியரிடம் மட்டும் ஒன்று கேட்டேன். தானாக நிறுத்தும் செட்டிங்கை என் வகுப்புக்காவது ஆஃப் செய்யச் சொன்னேன். செய்தார். பச்சைக் கோடு பாதியில் நிற்கும், முதல்வர் கூப்பிடுவார், என்னைக் கூப்பிடட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

சேர்க்கைக்கு ஆசிரியர்களும் மேசை போட்டு உட்கார வேண்டும். பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கரும்பு பயிர் செய்கிறவர். சட்டையில் புது மடிப்பு.

"மேடம், வாசல்ல போட்டோல இருக்குதே, அந்தப் பொண்ணு ஒங்க டிப்பார்ட்மெண்டா?"

"ஆமாங்க."

"மருந்து கம்பெனில இன்னா வேலைங்க?"

நாக்கு நுனியில் பதில் இருந்தது. அவள் அம்மாவின் போனில் இருக்கிற அந்தப் படத்தை நினைத்தேன்.

"அந்தக் கம்பெனில தாங்க இருக்குது. நல்ல பொண்ணு."

அவர் தலையை ஆட்டினார். "இங்க லேப்பு எல்லாம் நல்லா இருக்குமா?"

"லேப்பு இல்லைங்க. கம்ப்யூட்டர் இருக்குது."

அது எனக்குத் தெரிந்த உண்மை, அதை மறைக்க வேண்டிய அவசியம் யாருக்காகவும் இல்லை. அவர் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. கையில ஆசிட்டு படாது பாருங்க."

உட்காரச் சொன்னேன். கம்ப்யூட்டரில் எதைக் கற்றுக்கொள்ளலாம், எதைக் கற்றுக்கொள்ள முடியாது என்று சொன்னேன். எந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்லவில்லை. சேர்ந்தால் சனிக்கிழமைகளில் அனுப்ப வேண்டும், ஒரு வகுப்பறையில் நான் சொந்தமாகச் சாமான் வைத்திருக்கிறேன், மூன்று வருடமும் வர வேண்டும், திட்டுவேன் என்றேன்.

"சனிக்கிழமலயா? லீவு நாள்ல எங்க மேடம் பஸ்ஸு? ஊட்டுல வேல வேற இருக்கும்."

"அதுக்கு வழி பண்ணாத்தாங்க கெமிஸ்ட்ரி. இல்லன்னா வேற எதனா எடுங்க."

மகள் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். எனக்குப் பக்கத்து மேசையில் வணிகவியல் சேர்க்கிற சார் தொண்டையைச் செருமினார். இப்படிப் பேசினால் எவன் சேருவான் என்று அதற்கு அர்த்தம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே போனவர்கள் நின்றார்கள். அவர் மகளை ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நிற்கவைத்து, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று கையைக் காட்டி, அந்த வட்ட முகமும் தன் மகள் முகமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.